நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு

அக்காவுக்கு இடமாறுதல் ஆணை வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. விடுவிப்பு ஆணை வரவில்லை. முதல் காகிதம் நீ போகலாம் என்று சொல்லும். இரண்டாவது காகிதம் கைக்கு வருமுன் கிளம்பிப் போனால், ஓடிப்போய்விட்டாள் என்று கோப்பில் எழுதுவார்கள். அரசாங்க வேலையில் இரண்டு காகிதங்களுக்கு நடுவில்தான் ஆட்கள் கிழவர்களாகிறார்கள்.

மாமாவும் மகளும் பதினோரு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தார்கள். அங்கே நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது, அக்கா ஆறு மாதத்தில் வந்துவிடுவாள் என்று நாலு வயதுக் குழந்தையை மாமா அழைத்துக்கொண்டு போனார். இப்போது அவளுக்கு எட்டு. முதலில் எல்லாம் போனில் "அம்மா எப்போ வருவே?" என்று கேட்பாள். பிறகு "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். சமீபமாகக் கேட்பதே இல்லை. சாப்பிட்டேன், தூங்கப்போறேன், அப்பாகிட்ட குடுக்கறேன் என்று முடித்துவிடுகிறாள். அக்காவுக்குப் பயம் அங்கேதான் இருந்தது.

அக்கா பொது நூலகத்தில் புத்தக இருப்புக்குப் பொறுப்பாளர். மூன்று மாடி, இரும்பு அலமாரிகள், பல்லிகள். பதிவேட்டின்படி நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு புத்தகங்கள். அத்தனையும் இருக்கின்றன என்று நிரூபித்தால்தான் விடுவிப்பு.

"ஒரு புத்தகம் குறைஞ்சாலும் முடியாதும்மா," என்றார் இயக்குநர். "ஒண்ணு கூடினாலும் முடியாது. அது இன்னும் மோசம். குறைஞ்சா தொலைஞ்சு போச்சுன்னு சொல்லலாம். கூடினா எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

இந்த இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'எழுத்துல குடுங்க'. யார் என்ன சொன்னாலும் அதைத்தான் சொல்வார். மாடியில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னபோதும் அதைத்தான் சொன்னார். அவன் எழுதி முடிப்பதற்குள் தண்ணீர் இரண்டாவது மாடிக்கு இறங்கியிருந்தது.

நூலகத்தை நவீனமாக்க அந்த வருடம் ஒரு கம்பெனி வந்தது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு டேக் ஒட்டுவார்கள். தபால்தலை போல இரண்டு மடங்கு இருக்கும் வெள்ளை ஸ்டிக்கர், உள்ளே செம்பு நிறத்தில் சுருள் கம்பி. கையில் பிடிக்கும் ரீடரை அலமாரி ஓரமாக ஆட்டிக்கொண்டு நடந்தால் புத்தகத்தைத் தொடாமலே அது எண்ணிவிடும். அது பார்க்க டேபிள் டென்னிஸ் மட்டை மாதிரி இருந்ததால் எல்லாரும் மட்டை என்றே கூப்பிட்டார்கள். வாசலில் இரண்டு கண்ணாடித் தூண்கள். பதிவு செய்யாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுவில் நுழைந்தால் கத்தும்.

ஒட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்தாலும் பைத்தியம் பிடிக்காத ஆள் வேண்டும் என்றார் கம்பெனிக்காரர். நான் நாலு வருடம் ராத்திரி ஷிஃப்டில் பதினாறு திரைகளில் கிடங்குக் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எந்தக் கதவும் ஒரு நாளும் திறந்ததில்லை. அதை விட்டுவிட்டு அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கிடந்தேன். எனக்குத் தகுதி இருந்தது. தற்காலிக ஆள் என்பதால் முன்வாசல் வழியாக வரக் கூடாது, பக்கவாட்டுக் கதவுதான் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு எந்தக் கதவும் ஒன்றுதான்.

சிக்கல் டேக் வந்த விதத்தில் இருந்தது. கம்பெனி பதிவேட்டை வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு புத்தகத்தின் எண்ணையும் தலைப்பையும் டேக்கில் முன்கூட்டியே ஏற்றி, வரிசையாகச் சுருளில் சுற்றி அனுப்பிவிட்டது. புத்தகம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் இருந்தது, அது போதும்.

ஆறு வாரம் ஒட்டினேன். பின்னட்டை உள்பக்கம், கீழ் ஓரத்திலிருந்து மூன்று விரல் உயரம். தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் சுருள்களைப் பரப்பி, டேக்கை உரித்துத் தொடையில் லேசாக ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுவேன். அழுத்தி ஒட்டியதை உரித்தால் கம்பி அறுந்து டேக் செத்துவிடும். அதனால் ஒரு முறைதான்.

எல்லாப் புத்தகமும் முடிந்தபோது ஓர் அட்டைப்பெட்டி நிறைய டேக் மீந்திருந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

அக்கா பெட்டியைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நூறு நூத்தம்பது இருக்கும்னு நெனச்சேன்டா."

ஒவ்வொரு டேக்கின் மேலும் தலைப்பு அச்சிட்டிருந்தது. பொழுதுபோகாமல் படித்தேன். துப்பறியும் கதைகள், ஜோசியம், மோட்டார் பம்பு பழுது பார்ப்பது, காதல் கடிதம் எழுதுவது எப்படி, பிரசவத்துக்குப் பின் கவனிக்க வேண்டியவை. ஊர் எதைப் படித்திருக்கிறது என்பது அந்தப் பெட்டியில் இருந்தது. படிக்காதது எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

தொலைந்த புத்தகத்தைக் கணக்கிலிருந்து நீக்க வழி இல்லாமல் இல்லை. ஏழு கையெழுத்து வேண்டும். கடைசியாகப் பன்னிரண்டு புத்தகங்களை நீக்க ஒன்பது வருடம் ஆனது. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இயக்குநர் அறையில் கூடிப் பேசினோம். கம்பெனிக்காரர் பளபளப்பான ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மீந்த டேக்கை நாங்க திருப்பி எடுக்க முடியாது சார். எடுத்தா வேலை முடியலைன்னு ஆயிடும்."

"இங்க வச்சுக்கவும் முடியாது," என்றார் இயக்குநர். "வச்சா புத்தகம் எங்கன்னு கேப்பாங்க."

"ஒப்பந்தத்துல எல்லா டேக்கும் ஒட்டப்படணும்னுதான் இருக்கு. எதுலன்னு இல்லை."

இயக்குநர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப ஒட்டிடுங்க," என்றார் இயக்குநர்.

"எதுல சார்?" என்று அக்கா கேட்டாள்.

"அது உங்க பிரிவும்மா. நான் எப்படித் தலையிடறது?"

"எழுத்துல குடுங்க சார்."

அக்கா பழி வாங்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை வாய்மொழியாகவே விட்டுவிட்டார்.

பெட்டியை அப்படியே ஓர் அலமாரியில் வைத்துப் பார்த்தோம். மட்டை பதினேழுதான் எண்ணியது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும், நடுவில் காகிதம் வேண்டும், தடிமனாக வேண்டும் என்று கம்பெனிக்காரர் விளக்கினார். அவருக்கு இந்த விஷயத்தில் நல்ல அனுபவம் இருப்பதாகத் தோன்றியது.

ஏழாவது வரிசையில் வடிகால் துறையின் ஆண்டறிக்கைகள் இருந்தன. தோல் அட்டை, தங்க எழுத்து, ஒவ்வொன்றும் செங்கல் கனம். நூற்றுத் தொண்ணூற்று மூன்று தொகுதிகள். இரவல் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூடக் கிடையாது. தொகுதிக்குப் பன்னிரண்டு டேக் என்று கணக்குப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. வடிகால் துறை இதற்காகவே நூற்றுத் தொண்ணூற்று மூன்று வருடம் உழைத்த மாதிரி இருந்தது.

"இது பொய்யில்லையாடா?"

"நீ எதுவும் சொல்லலையேக்கா. மட்டைதானே சொல்லப்போவுது."

"பேச மட்டும் நல்லாப் பேசு. வேலைக்குப் போன்னா மட்டும் தூக்கம் வந்துடும்."

ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒட்டினாள். ஒவ்வொரு தலைப்பையும் வாய்க்குள் படித்துவிட்டு ஒட்டினாள். அதனால் மூன்று நாள் ஆனது. கடைசித் தொகுதிக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதினொன்றுதான் வந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம், அலமாரிக்கு அடியில் துடைப்பம் விட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை.

இருப்புச் சரிபார்ப்பு நாளில் கம்பெனிக்காரர் மட்டையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். இயக்குநர் பின்னால், அக்கா அதற்கும் பின்னால். நான் மாடியில் ஏணியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எண்ணிய ஏழாவது வரிசை முடிந்தபோது திரையில் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐந்து என்று நின்றது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஏணியை எடுத்துக்கொண்டு நான் இறங்கி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றேன். மட்டை ஒரு முறை கூவியது. இருநூற்று ஆறு.

"சில டேக் வெட்கப்படும் சார்," என்றார் கம்பெனிக்காரர். "கொஞ்சம் லேட்டா பேசும்."

இயக்குநர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். "வர்ற வெள்ளிக்கிழமை உங்க ஆணையில கையெழுத்து போடறேம்மா," என்றார். அக்கா அந்த வெள்ளிக்கிழமை ரயிலுக்கு முன்பதிவு செய்தாள். மகளிடம் சொல்லவில்லை. முன்னாடி நாலு தடவை சொல்லி நாலு தடவை ஏமாற்றியிருக்கிறாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார்: "இந்நூலகத்தின் ஒவ்வொரு புத்தகமும் எங்கிருந்தாலும் கண்டுபிடிக்கப்படும்." எங்கிருந்தாலும் என்பது அவர் தமிழ் ஆர்வத்தில் சேர்த்தது. ஊர் அதை வேறு மாதிரிப் படித்தது. ஒரு வண்டி தெருத்தெருவாக வரப்போகிறதாம், மட்டையை வீட்டுச் சுவரில் வைத்தால் உள்ளே இருக்கிற நூலகப் புத்தகம் கத்துமாம் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை புத்தகம் போடும் பெட்டி நிரம்பி வாசலில் சிதறிக் கிடந்தது. துப்பறியும் கதைகள். ஜோசியம். மோட்டார் பம்பு. சிலவற்றில் மன்னிப்புக் கடிதம் இருந்தது. ஒன்றில் பாதிப் படித்த இடத்தில் தீக்குச்சி இருந்தது. செவ்வாய்க்கிழமை பைகளில் வந்தது. புதன்கிழமைக்குள் நானூற்றுப் பதினெட்டு.

அக்கா ஒவ்வொன்றையும் பின்னட்டை திறந்து பார்த்தாள். டேக் இல்லை. எப்படி இருக்கும்? அதன் டேக் வடிகாலில் கிடந்தது.

புத்தகத்தைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தவர் ஒருவர்தான். தெரு முக்கில் கடை வைத்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர். ஒரு கண்ணுக்கு மட்டும் எப்போதும் சுருங்கிய பார்வை.

"இத எடுத்துட்டுப் போய் பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா. தொழிலே இத வச்சுத்தான் கத்துக்கிட்டேன். என்ன தண்டனையோ குடுங்க."

கடிகாரப் பழுது நீக்கும் முறைகள். எண்ணெய்க் கறையோடு.

அதே நேரத்தில் இயக்குநர் வந்துவிட்டார். கம்ப்யூட்டரில் தலைப்பைத் தட்டினார். "இந்தப் புத்தகம் உள்ளதான் இருக்கு."

"அப்ப என் கையில இருக்கறது என்னங்க?"

"அதான் எனக்கும் புரியல." மட்டையை எடுத்துக்கொண்டு ரிப்பேர்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். ஏழாவது வரிசையில் நான் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கிட்டே வந்ததும் மட்டை ஆனந்தமாகக் கூவியது. "பாத்தீங்களா? இங்கதான் இருக்கு."

ரிப்பேர்காரர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் புத்தகத்தைப் பார்த்தார். "நல்ல மிஷினுங்க," என்றார்.

மேசையில் மலையாகக் கிடந்ததை இயக்குநர் அப்போதுதான் கவனித்தார். குரல் மாறிவிட்டது. "இதெல்லாம் என்னம்மா?"

"தொலைஞ்சு போனது சார். திரும்பி வந்திருக்கு."

"எது தொலைஞ்சுது? ஒண்ணும் தொலையலைன்னு நான் அறிக்கை அனுப்பிட்டேனே. நானூத்திச் சொச்சம் கூடுதல். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒவ்வொண்ணும் எங்கிருந்து வந்துச்சுன்னு எழுத்துல குடுங்க. அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்து போட முடியாது."

அவர் போன பிறகு அக்கா அழவில்லை. அழுகிற ஆள் இல்லை. புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினாள். கலைத்துவிட்டு எண் வரிசையில் அடுக்கினாள்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமாக்கா?"

"கையை ஒடிச்சுடுவேன்."

"அப்புறம் என்னதான் பண்றது?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தூண்களுக்கு நடுவில் ரிப்பேர்காரர், யாரும் வாங்கிக்கொள்ளாத தன் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி, போவதா இருப்பதா என்று தெரியாமல் உள்ளேயும் வெளியேயுமாக அலைந்துகொண்டிருந்தார். மூன்று தடவை தாண்டினார். கேட் கத்தவில்லை.

"சார்," என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள் அக்கா. "அத நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"வேணாம்மா. இப்பத்தான் நல்லவனா ஆகலாம்னு வந்தேன். மறுபடி திருடனாக்காதீங்க."

"திருட்டு இல்ல சார். திருட்டுன்னா கேட் கத்தும். கத்துச்சா?"

அவர் சுருங்கிய கண்ணால் தூணை மேலும் கீழும் பார்த்தார். பெரிய கடிகாரத்தைப் பார்க்கிற பார்வை. "கத்தல," என்று ஒப்புக்கொண்டார்.

"அப்புறம் என்ன?"

வியாழக்கிழமை முழுக்க அதுதான் வேலை. மோட்டார் பம்பு கற்பவனுக்கு மோட்டார் பம்பு. கர்ப்பிணிக்குப் பிரசவம். பத்திரிகை படிக்க வந்தவர்களுக்குத் தலைக்கு நாலு துப்பறியும் கதை. வாங்க மறுத்தவர்களிடம் அக்கா கெஞ்சினாள். நூலகர் ஒருத்தி புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் பழக்கம் விடவில்லை. யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ரிப்பேர்காரர் தன் கடை முகவரியையும் எழுதச் சொன்னார். வேறு யாருக்காவது அந்தப் புத்தகம் வேண்டுமென்றால் கடைக்கு அனுப்புங்கள், ஸ்டூல் போட்டுத் தருகிறேன், உட்கார்ந்து படிக்கட்டும் என்றார்.

இயக்குநர் மாடிப்படியில் நின்று பார்த்தார். ஊரே கைநிறையப் புத்தகத்தோடு அவர் கண்ணெதிரே வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் மக்களைப் பார்க்கவில்லை. தூணின் மேல் இருந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தார். அது பச்சையாகவே இருந்தது. ஆகவே எதுவும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்துப் போட்டார். குறைவு இல்லை, கூடுதல் இல்லை, பொறுப்பு முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. அக்கா நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஆணையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனாள். அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அன்றைக்கு நான் ஒட்டுகிற ஆள் இல்லை, அக்காவின் தம்பி. அதனால் முன்வாசல்.

கேட் கத்தியது.

அத்தனை நாளும் கத்தாததையெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தியது. இயக்குநர் வந்தார். கம்பெனிக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து அக்காவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மகளுக்கு வாங்கிய கவுன் ஒன்று இருந்தது. அதையும் உதறினார்கள். ஒன்றும் இல்லை.

"அந்த ஆணையைக் கொஞ்சம் குடுங்கம்மா," என்றார் இயக்குநர். அக்கா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இந்தப் பக்கமாகக் கையை நீட்டிக் கொடுத்தாள்.

கம்பெனிக்காரர் மட்டையை என் மேல் ஏற்றி இறக்கினார். தலையில் அமைதி. சட்டையில் அமைதி. கீழே போகப் போகக் கூவல் கூடியது. செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். இடது செருப்பு. குதிகாலுக்கு முன்னால், தரை படாத வளைவில், அழுக்கேறி, ஒரு டேக். திரையில் தலைப்பு வந்தது. கடிகாரப் பழுது நீக்கும் முறைகள்.

நான் உரிக்கக் குனிந்தேன். "தொடாதே," என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். உரித்தால் செத்துவிடும். செத்தால் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐந்து.

நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தது.

இயக்குநர் செருப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "இந்தப் புத்தகம் வெளிய போகக் கூடாது," என்றார். சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

ஏழாவது வரிசைக்குப் போனோம். நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது தொகுதிக்கு அடுத்து நாலு விரற்கடை இடம் இருந்தது. செருப்பைப் பக்கவாட்டில் நிறுத்தினார், நின்றது. மட்டையை ஆட்டினார்கள், கூவியது. எழுத்தில் கொடு என்றார். "ஒன்று ஒப்படைத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று என்ன என்று அவரும் கேட்கவில்லை.

ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வலது செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன்.

"அதை எடு," என்றார் இயக்குநர். "அதுக்கு டேக் இல்ல. கூடுதலா ஒண்ணும் இங்க இருக்கக் கூடாது."

ஆணை அக்கா கைக்குத் திரும்பியது. டிரங்குப் பெட்டி தலையில், வலது செருப்பு கையில், வெறுங்காலோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தார் ரோடு சுட்டது. அக்கா பின்னால் ஓடிவந்துகொண்டே போனில் பேசினாள்.

"நாளைக்குக் காலைல... ஆமா, நாளைக்கேதான்... இல்லடி, பொய் இல்ல, கேட்டைத் தாண்டிட்டேன்."

பெட்டியை ஏற்றி ஜன்னலோரம் வைத்தேன். வண்டி நகர்ந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.